அத்தையின் அவதிக்கு ஒரு வாழ்த்து அட்டை

நாமெல்லாம் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்: மைதாப் பசை நன்றாக ஒட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாது. விரலில் ஒட்டும், பாவாடையில் ஒட்டும், தம்பியின் தலைமுடியில் ஒட்டும். காய்ந்த பிறகு தாளைச் சுருக்கிவிடும். மறுநாள் புளித்த வாடை வேறு. அதை அடுப்பில் கிண்டிக் கொடுத்த அம்மா, "தோசைக்கு வச்சிருந்த மாவு. உங்க அத்தைக்குத்தான் யோகம்" என்று முணுமுணுத்தது இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பசையை வைத்து என் ஆயுளில் நான் செய்த வாழ்த்து அட்டை ஒன்றே ஒன்றுதான். அது எனக்குச் செய்த காரியத்தை நினைத்தால் இந்த வயதிலும் எரிச்சல்தான் வருகிறது. பழைய நாளின் இனிமையை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் எழுந்து போகலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

மூணாறிலிருந்து ஜீப்பில் மட்டுமே போக முடிகிற ஒரு எஸ்டேட்டில், லயம் என்று நாங்கள் சொல்லும் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்கு ஃபாக்டரியில் தேயிலையைப் பெட்டியில் அடைக்கும் வேலை. அம்மா கொழுந்து எடுத்தாள். எஸ்டேட் பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டிய பையனைக் கீழே தமிழ்நாட்டில் ஏதாவது சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். பெண்ணாக இருந்தால், அடுத்த பிள்ளையை அவள் இடுப்பில் ஏற்றிவிட்டு அம்மாக்காரி மலைக்கு வேலைக்குப் போய்விடுவாள். நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். எனக்கு ஒரு தம்பியும் இருந்தான். மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

அந்த இடுப்புச் சுமையிலிருந்து என்னைக் காப்பாற்றக்கூடியவள் அத்தை ஒருத்திதான். அப்பாவின் தங்கை. எங்கள் லயத்தில், நாங்கள் இருந்த அதே வீட்டில் பிறந்தவள். எப்படியோ விடுதியில் சேர்ந்து படித்து, போடியில் டீச்சராகி, அங்கேயே ஏலக்காய் வியாபாரம் செய்த மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டாள். பிள்ளை இல்லை. கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது என் தலையைச் சீவிவிட்டுக்கொண்டே அப்பாவிடம், "இவள நான் கொண்டுபோறேன்ணே. பெரிய லீவு முடியவும் போடியிலயே அஞ்சாம் வகுப்புல சேத்துருவோம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆனா அங்க வந்து இந்த மலைப்பேச்சு பேசக் கூடாது. குடிக்க வெள்ளம் வேணும்னு கேட்டீன்னா, மழையில ஆத்துக்கு வருமே, அதக் காட்டுவாக" என்று சிரித்தாள். மலையாளம் கலந்த எங்கள் பேச்சில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். அன்றிலிருந்து தண்ணீர், தண்ணீர் என்று சொல்லிப் பழகினேன். மற்ற சொற்களையும் அவள் அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

தை மாதக் குளிரில் செய்தி வந்தது: அத்தைக்கு வயிற்றில் ஆபரேஷன். என்ன ஆபரேஷன் என்று பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்? பெரியவர்கள் அடுப்படியில் பேசியதிலிருந்து நான் பொறுக்கிக்கொண்டது இவ்வளவுதான். அத்தை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஓய்வில் இருக்கிறாள். அந்த ஓய்வை நீட்டித் தந்தால், உடம்பு தேறியதும் எங்கள் வீட்டுக்கு வந்து பெரிய விடுமுறை வரைக்கும் இருப்பாள். திரும்பும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். நீட்டித் தராவிட்டால் வேலைக்குத் திரும்ப வேண்டும், இந்தப் பக்கம் வர மாட்டாள். அம்மா ஒரே வரியில் சொன்னாள்: "அவதி நீண்டா வருவா. நீளலன்னா ஒன் படிப்பு அம்புட்டுதான்."

அவதி. இந்தச் சொல்லைத்தான் சொல்ல வந்தேன். கீழே தமிழ்நாட்டில் அவதி என்றால் துன்பம், படாத பாடு. எங்கள் மலையில் அவதி என்றால் விடுமுறை. மலையாளத்திலிருந்து வந்து எங்கள் வாயில் குடியேறிய சொல். பள்ளிக்கூடத்துக்கு அவதி, ஃபாக்டரிக்கு அவதி, காய்ச்சல் வந்தால் எழுதிக் கொடுத்து வாங்குகிற அவதி. அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. நாளைக்கு அவதி என்று வாத்தியார் சொன்னால் கூரை அதிரும். துன்பத்துக்கு அந்தச் சொல் எங்களுக்குத் தேவைப்படவே இல்லை. கஷ்டம், பாடு, இடி, எழவு என்று அதற்குக் கைவசம் நிறைய இருந்தது.

அத்தைக்கு ஏதாவது அனுப்ப வேண்டும் என்று எனக்கு அரிப்பு. எங்கள் வாத்தியாருக்கு அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்திருந்தது. அதன் முகப்பில் கத்தியால் கீறி, அந்தக் கீறலில் ஒரு நீளச் சீட்டைச் செருகியிருந்தார்கள். உருவி எடுத்துப் புத்தகத்தில் பக்கம் தவறாமல் வைத்துக்கொள்ளலாம். வாத்தியார் அதை அடையாளச் சீட்டு என்றார். அத்தைக்கு ஒரு தடித்த ஜெபப் புத்தகம் உண்டு. விட்ட இடம் மறக்காமலிருக்கப் பக்கத்தின் மூலையை மடித்துவைப்பாள். அப்பாவுக்கு அதைக் கண்டால் ஆகாது. ஆக, அத்தைக்கு ஏற்ற பொருள் இதுதான் என்று முடிவு செய்தேன். வாழ்த்து அட்டை செய்யப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது தம்பி பயந்து காலைத் தூக்கிக்கொண்டான். எங்கள் பக்கம் அட்டை என்றால் புல்லிலிருந்து ஏறி ரத்தம் குடிக்குமே, அதுதான்.

கடையில் வாங்குகிற காகிதமெல்லாம் எங்களுக்கு ஏது? பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று பெட்டியில் கிடந்தது. அதைப் பிரித்து, அச்சடித்த பக்கங்கள் உள்ளே மறையும்படி ஒட்டினேன். ஒட்டினேன் என்று எழுத ஒரு நொடி ஆகிறது. அதற்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. பசை காய்ந்து அட்டை படகு போல வளைந்தது. அம்மியை எடுத்துவைத்து நிமிர்த்தினேன். அம்மியில் மிளகாய் அரைத்திருந்தார்கள். ஒரு மூலையில் சிவப்பு ஏறிவிட்டது. அதை மறைக்கத் தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளில் நட்சத்திரம் வெட்டி ஒட்டினேன். அந்தப் பெட்டிகளும் இல்லை, அந்த ஈயத்தாளும் இல்லை இப்போது. அப்பா ஃபாக்டரியிலிருந்து மடித்துக் கொண்டுவரும் துண்டுகளில் தேயிலைத் தூளின் வாசம் போகவே போகாது. நகம் பட்டால் போதும், கிழிந்துவிடும். அழகான நட்சத்திரம் மூன்றாவது முறைதான் வந்தது, அதற்கும் ஒரு கால் குட்டை.

அடையாளச் சீட்டுக்கு நோட்டுக்குப் போடும் காக்கி அட்டையை வெட்டினேன். ஓடை ஓரத்தில் ஒரு பெரணி இருக்கும், இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பொடி. புறங்கையில் வைத்துத் தட்டினால் இலை அப்படியே வெள்ளையாகப் பதியும். நாம் எல்லோரும் அடித்து விளையாடியதுதான். அதைக் காக்கி அட்டையில் பதித்தேன். கையில் அவ்வளவு சுத்தமாகப் பதிகிறது காகிதத்தில் பதியமாட்டேன் என்றது. பொடி ஒரு பக்கம் பறந்தது, தொட்ட இடம் அழிந்தது. மூன்று நாள் ஓடைக்கு அலைந்து கால் முழுக்க அட்டை கடி. கடைசியில் தேறிய ஒன்றின் தலையில் துளை போட்டு, அம்மாவின் குளிர்த்தொப்பியிலிருந்து உருவிய சிவப்புக் கம்பளி நூலைக் கட்டினேன். அம்மா, "இதுக்கு எதுக்கு வாலு?" என்று கேட்டாள். தொப்பியைப் பார்த்த பிறகு வேறு மாதிரி கேட்டாள்.

பிறகு கீறல். அப்பாவின் சவர பிளேடால் முகப்பில் கீறினேன். அகலமாகக் கீறினால் சீட்டு நழுவி விழுந்தது, குறுக்கிக் கீறினால் மடங்கியது. ஒரு முகப்பு பாழ். மறுபடி பசை, மறுபடி அம்மி. இரண்டாம் முறை சரியாக அமைந்தது. சீட்டு உள்ளே சிக்கென்று உட்கார்ந்து, சிவப்பு வால் மட்டும் வெளியே தொங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உள்ளே எழுதியது இது: "அன்புள்ள அத்தைக்கு, உங்கள் அவதி இன்னும் நீல வேண்டும் என்று தினமும் ஜெபம் செய்கிறேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் ஆசை."

அதை முதலில் ஒரு துண்டுத்தாளில் எழுதி வாத்தியாரிடம் காட்டினேன். அவரும் மலையில் பிறந்து வளர்ந்தவர், வாரம் தவறாமல் அவதி எடுப்பவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "நீல என்று எழுதினால் நிறம். பெரிய ள போடு" என்று சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தார். வேறு குற்றம் ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை. நான் எழுதியபடி விட்டிருந்தால் அத்தையின் வேதனை நீலமாக ஆகியிருக்கும், அவ்வளவுதான். படித்தவர் கைபட்டு அது பிழையில்லாத சாபம் ஆயிற்று. அப்பாவும் படித்தார். "கையெழுத்து நல்லாருக்கே" என்றார். மூணாறுக்குப் போகிற ஜீப்காரரிடம் கொடுத்துத் தபாலில் சேர்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்த நேரத்தில் மாமா வந்தார். ஜீப்பிலிருந்து அவர் இறங்கியதைப் பார்த்து நான் ஓடிப்போய் முகம் கழுவிக்கொண்டேன். என்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைப்பு. அவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த காப்பியைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து என் அட்டையை எடுத்தார். நான் முதலில் பார்த்தது கீறலைத்தான். சீட்டு இல்லை. அத்தை எடுத்துப் புத்தகத்தில் வைத்துவிட்டாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"இத எழுதுனது யாரு?" என்று மாமா கேட்டார்.

"நம்ம பிள்ளதான் மாப்ள," என்றார் அப்பா. "ஒத்த ஆளா இருந்து செஞ்சா."

"அவதி நீளணும்னு எழுதிருக்கு."

"ஆமா. வாத்தியாரே பாத்துத் திருத்திக் குடுத்தாரு."

"வாத்தியாரு வேறயா" என்றார் மாமா.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நாங்க எல்லாருமே அதத்தாண்ணே ஜெபிக்கிறோம். சட்டுனு முடிஞ்சுறக் கூடாது. ஈஸ்டர் வரைக்குமாவது நீளணும்."

மாமா அம்மாவைப் பார்த்த பார்வையை என்னால் இப்போதும் வரைந்து காட்ட முடியும். "ஈஸ்டர் வரைக்கும்" என்றார் மெதுவாக.

"அதுக்கு மேல நீண்டாலும் நல்லதுதான்" என்றாள் அம்மா.

மாமா எழுந்தார். அட்டையை ஸ்டூலில் வைத்தார். "அங்க ஒருத்தி படுத்த படுக்கையாக் கெடக்கா. இப்பிடி எழுதி அனுப்ப உங்களுக்கு மனசு வந்துச்சே. நல்லா வளக்குறீக பிள்ளைய. இனிமே அவ எங்க வீட்டுப் படி ஏற வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அப்பா பின்னாலேயே போனார். ஜீப் கிளம்பிவிட்டது.

பிறகு எங்கள் வீட்டில் நடந்த ஆராய்ச்சியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கருப்பட்டிக் காப்பி கொடுத்ததால்தான் கோபம், சீனி போட்டிருக்க வேண்டும் என்றாள் அம்மா. எஸ்டேட்காரன் என்றால் வியாபாரிக்கு எப்போதும் இளக்காரம், பெண்ணை வைத்துச் சோறு போட மனமில்லை, அதுதான் இந்த நாடகம் என்றார் அப்பா. வாத்தியார் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உள்ளே கல்யாணப் பத்திரிகையின் எழுத்து தெரிகிறது, யாரோ ஒருவர் வீட்டு எச்சில் அட்டை என்று அவமானமாக நினைத்திருப்பார் என்றார். அம்மி மிளகாய் கண்ணில் பட்டிருக்குமோ என்றுகூட ஒரு பேச்சு வந்தது. அந்த வரியை எல்லோரும் படித்தார்கள். ஒருவருக்கும் அதில் எதுவும் உறைக்கவில்லை. அத்தையிடம் நேரில் போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்றும் ஒருவருக்கும் தோன்றவில்லை. "அப்ப நான் போடிக்குப் போறனா இல்லையா?" என்று கேட்டேன். "வாய மூடு" என்றார் அப்பா. அட்டையை அடுப்பில் போட்டார். ஈயத்தாள் எரியாமல் சாம்பலில் நெளிந்து கிடந்தது.

ஜூன் மாதம் மழையோடு பள்ளிக்கூடம் திறந்தது. என்னோடு நாலாம் வகுப்பு படித்த பையன்களில் சிலர் டிரங்குப் பெட்டியோடு ஜீப் ஏறினார்கள். நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தேன். கனமான பிள்ளை. அவனை இறக்கிவைத்தால் சேற்றில் உட்கார்ந்துவிடுவான்.

தொழிலாளர் கிளப்பில் பழைய வாரப்பத்திரிகைகள் கட்டிக் கிடக்கும். அவற்றை எடுத்துவந்து படிப்பதுதான் என் மேல்படிப்பு. தாவணி போடும் வயதில், ஒரு வைத்தியப் பகுதியில், "வயிற்று வலியால் அவதிப்படுபவர்கள்" என்று படித்தேன். வயிற்று வலிக்கு லீவு போடுகிறவர்கள் என்றுதான் முதலில் புரிந்துகொண்டேன். அவர்கள் இஞ்சி சாப்பிட வேண்டுமாம். லீவு போட்டவன் எதற்கு இஞ்சி சாப்பிட வேண்டும் என்று மேலே போனேன். அடுத்த வரியில் மறுபடியும் அவதி, இந்த முறை குழந்தைகள் படுகிற அவதி. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அட்டை, அம்மா எட்டிப் பார்த்துச் சொன்னது, மாமாவின் முகம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

அப்பாவிடம் ஓடினேன். அவர் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "அட, ஆமா" என்றார். நான் காத்திருந்தேன். "ஆறின கஞ்சி. விடு. அவரா வந்தா வரட்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு கடிதம் போடுங்கள் என்று கெஞ்சினேன். போடுகிறேன் என்றார். போட்டாரா என்று எனக்குத் தெரியாது. இது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. வீம்பு அவருடையது, அதற்குப் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தது நான்.

அதன்பின் நம்மில் பலருக்கு நடந்ததுதான் எனக்கும். கொழுந்துக் கூடை, கல்யாணம், பிள்ளைகள், எஸ்டேட்டில் ஓய்வு, அதற்குப் பிறகு டவுனில் ஒரு ரிசார்ட்டில் படுக்கைத் துணி துவைக்கும் வேலை. அத்தை குடும்பத்தோடு பகை என்று இல்லை. விசேஷ வீடுகளில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம். நான் வாய் திறந்து விளக்கப் போகும்போதெல்லாம் மாமா பக்கத்தில் இருப்பார். ஒரு சொல்லால் என் படிப்பைக் கெடுத்துக்கொண்டேன், நோயில் கிடந்த அத்தையின் மனதையும் நோகடித்தேன் என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் மாமா காலமானார். அடக்கத்துக்குப் போன நான், அத்தை தனியாக இருக்கிறாளே என்று சில நாள் போடியில் தங்கினேன். வயதாகிவிட்டது, ஆனால் நினைவு தெளிவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். நான் கீழே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஒனக்கு என்னைக்கு வரைக்கும் அவதி?" என்று கேட்டாள்.

பூண்டு கையில் நின்றது. "என்ன கேட்டீங்க அத்தை?"

"அவதி என்னைக்கு முடியுதுன்னு கேட்டேன். காது கேக்கலையா?" என்றவள், அப்போதுதான் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப அது என்னன்னு உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியாம இருக்குமா. நான் பொறந்த லயந்தான அது."

"மாமாகிட்ட சொல்லலையா?"

அவள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். "அவரு படிச்சுட்டுக் குதிச்சாரு. சொல்லணும்னுதான் நெனச்சேன். இனிமே ஒனக்குப் பிள்ளையே இல்லன்னு டாக்டரம்மா சொல்லி வயித்துல போட்ட தையல்கூட ஆறல. அந்த நேரத்துல இன்னொருத்தி பிள்ளைக்குத் தல சீவி, பொட்டலம் கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்ப எனக்குத் தெம்பு இல்ல. அண்ணன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். வேண்டாம்னு எப்பிடிச் சொல்றது? அதுவா ஒரு சாக்கு வந்துச்சு. பேசாம இருந்துட்டேன்."

"பழிய எம்மேல போட்டு."

"சின்னப் பிள்ளதான, மறந்துருவன்னு நெனச்சேன்" என்றாள்.

அவள் வேதனை எனக்குப் புரியாமல் இல்லை. நானும் பெற்றவள்தான், கர்ப்பப்பையைப் பறிகொடுத்தவளின் வலியை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முடியாது என்று அப்பாவிடம் சொல்லியிருந்தால் நாலு நாள் அழுதிருப்பேன். இவளோ என் கையெழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் மறந்துவிடுவேனாம். அடுத்த பூண்டை எடுத்து உரித்தேன். செத்த வீட்டில் என்ன சொல்வது?

அத்தையோ ஒன்றும் நடக்காததுபோல, "அந்த ஜெபப் புத்தகத்த எடுத்துத் தா. ஒரு தூக்கம் போட்டுட்டு வாசிக்கணும். தலமாட்டுல வச்சுரு" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அலமாரியிலிருந்து எடுத்தேன். நடுவில் ஒரு நூல் வெளியே தொங்கியது. சிவப்பு வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. பிரித்தேன். காக்கிச் சீட்டு, ஓரம் தேய்ந்து துணிபோல மிருதுவாகியிருந்தது. பெரணியின் பொடி சுத்தமாகப் போய்விட்டது. ஒரு பக்கத்தின் மூலையும் மடிந்திருக்கவில்லை. இத்தனை வருஷமும் நாள் தவறாமல் அவள் கை பட்டிருக்கிறது.

சீட்டை உருவினேன். அவள் விட்டிருந்த இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, வேறொரு பக்கத்தில் செருகினேன். புத்தகத்தை மூடித் தலைமாட்டில் வைத்துவிட்டு மறுபடி பூண்டு உரிக்க உட்கார்ந்தேன். எழுந்து தேடட்டும்.